ரஷ்யா: அடகில் மூழ்கிய எண்ணெய் வயல்கள்



போன வருஷம் நம்ம சங்கத்துப் படிப்பு வட்டத்தில் "சோவியத்துக்குப் பிறகு ரஷ்யா" என்ற தலைப்பில் நான் பேசினது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சுண்டலும் டீயும் தீர்ந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கின வாக்கியம் இது: "பதினாலரைக் கோடி ஜனங்களின் சொத்தை ஏழு யூதர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு போனார்கள்."

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாமாண்டு எலெக்ட்ரிக்கல் தங்கை ஒருத்தி வந்து கேட்டாள். "அண்ணா, ரெண்டு சந்தேகம். அந்த ஏழு பேருமே யூதரா? அப்புறம், மத்த யூதர்களெல்லாம் என்ன ஆனாங்க, அவங்களுக்கும் பங்கு கிடைச்சுதா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பதில் தெரியாது. அந்த வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கைபேசியில் வந்த ஒரு வீடியோவில் கேட்டது. ராத்திரி படுக்கும்போது அந்த ரெண்டு கேள்வியும் கொசு மாதிரி காதுக்குள் சுற்றியது. அதற்கப்புறம் ஆறு மாசம் நூலகத்திலும் வெளியிலும் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் பாடமாக எடுத்துக்கொண்டாலும் சரி, திருத்தமாக எடுத்துக்கொண்டாலும் சரி.

முதல் கேள்விக்கு வருகிறேன். "ஏழு பேர்" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1996 கடைசியில் போரிஸ் பெரெஸோவ்ஸ்கி என்ற தொழிலதிபர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். ரஷ்யப் பொருளாதாரத்தில் பாதி எங்கள் ஏழு பேர் கையில் இருக்கிறது என்கிற மாதிரி அவரே பெருமை அடித்துக்கொண்டார். ரஷ்யப் பத்திரிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு "ஏழு வங்கிக்காரர் ஆட்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1610ல் மாஸ்கோவில் ஏழு பிரபுக்கள் சேர்ந்து நடத்திய ஆட்சிக்கு "ஏழு பிரபுக்கள் ஆட்சி" என்று பெயர். அந்தப் பழைய சொல்லை வைத்துச் செய்த கிண்டல் அது. ஆக, கணக்கைச் சொன்னவருக்குப் பெருமை, எழுதினவருக்குக் கிண்டல். பாதிப் பொருளாதாரம் என்பதை யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

பெரெஸோவ்ஸ்கி, கூசின்ஸ்கி, ஃப்ரீட்மன், ஸ்மோலென்ஸ்கி, ஹொதர்கோவ்ஸ்கி, பொதானின், ஆவென் என்று பட்டியல் போகும். இதில் பலர் யூதர், அல்லது தாய் தந்தையில் ஒருவராவது யூதர். அதை மறைக்கிற அவசியம் எனக்கில்லை. ஆனால் பொதானின் யூதர் அல்ல. அவருடைய அப்பா சோவியத் வெளிநாட்டு வர்த்தக அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். பின்னால் நான் சொல்லப்போகிற மொத்த வித்தையையும் அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதே பொதானின்தான்!

பட்டியலுக்கு வெளியே பார்த்தால் இன்னும் வேடிக்கை. அப்போது நாட்டின் மிகப்பெரிய கம்பெனி காஸ்ப்ரோம், எரிவாயுக் கம்பெனி. அதை உருவாக்கியவர் சோவியத் எரிவாயு அமைச்சராக இருந்த செர்னோமிர்தின். 1992லிருந்து 1998 வரை பிரதமரும் அவரே. லூகாயில் எண்ணெய்க் கம்பெனியின் அலெக்பெரோவ் பாகு நகரத்தில் பிறந்தவர், அஸெர்பைஜானியரின் மகன். சுர்குத் எண்ணெய்க் கம்பெனியின் பொக்தானோவ் சைபீரியக் கிராமத்து ரஷ்யர். இவர்களெல்லாம் சோவியத் காலத்திலேயே அந்தந்தத் துறையில் நாற்காலியில் இருந்தவர்கள். நாற்காலி அப்படியே பங்குப் பத்திரமாக மாறியது, அவ்வளவுதான். நான் பார்த்த வீடியோவில் இவர்களில் ஒருத்தர் பேர்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சரி, வங்கிக்காரர்கள் மத்தியில் யூதர்கள் இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? 1989 கணக்கெடுப்பில் ரஷ்யக் குடியரசில் யூதர்கள் சுமார் ஐந்தரை லட்சம். நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. இதற்குப் பதில் நம்ம மாதிரி டெக்னிக்கல் பசங்களுக்கு ரொம்ப நெருக்கமானது.

சோவியத் உள்நாட்டு பாஸ்போர்ட்டில் தேசிய இனம் என்று ஒரு இடம் இருந்தது. அரசாங்கப் படிவங்களில் அது ஐந்தாவது வரி. "யூதர்" என்று அதில் இருந்தால் சில கதவுகள் பூட்டியே கிடக்கும். வெளியுறவுத் துறை கிடையாது. கட்சியின் மேல்மட்டம் ஏறக்குறைய கிடையாது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் 1970, 80களில் நுழைவுத் தேர்வின் வாய்மொழிச் சுற்றில் யூதப் பையன்களுக்கென்றே தனியாகக் கடுமையான கணக்குகளை எடுத்து வைத்திருப்பார்களாம். விடை நாலு வரிதான் இருக்கும், கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். "சவப்பெட்டிக் கணக்கு" என்று அதற்குப் பட்டப்பெயர். இது வதந்தி இல்லை. கணித அறிஞர்களே பிற்காலத்தில் அந்தக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். (எங்கள் அப்பா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வாங்கின மீர் பதிப்பகத்து இயற்பியல், கணக்குப் புத்தகங்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவ்வளவு மலிவாக, அவ்வளவு அழகாக அச்சடித்து நமக்கு அனுப்பின நாட்டில் இப்படியும் ஒரு தேர்வு நடந்திருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் வலித்தது.)

பெரிய கதவு பூட்டினால் என்ன செய்வார்கள்? எண்ணெய், எஃகு, ரசாயனம், ரயில்வே, காட்டுத் தொழில் என்று தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் போனார்கள். மிகையீல் ஃப்ரீட்மன் ல்வீவ் நகரத்துப் பையன். மாஸ்கோவின் பெயர்பெற்ற இயற்பியல் நிறுவனத்தில் இடம் கிடைக்காமல் எஃகு, உலோகக் கலவை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே விடுதி மாணவர்களை ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கவைத்து நாடக அரங்கு டிக்கெட்டுகளை வாங்கி, அதை வைத்துப் பண்டமாற்று பண்ணுவார். பிளாக் டிக்கெட் என்று நாம் சொல்வோமே, அதேதான்! பெரெஸோவ்ஸ்கி காட்டுத் தொழில் நிறுவனத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துப் பிறகு கணிதத்தில் முனைவர் ஆனவர். கூசின்ஸ்கி எண்ணெய் எரிவாயு நிறுவனத்தில் சேர்ந்து பாதியில் விட்டவர். டிராம் டெப்போவில் தூக்கிப் போட்ட செம்புக் கம்பியை எடுத்து, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் காப்பு செய்து விற்றார். ஹொதர்கோவ்ஸ்கிக்கு அப்பா யூதர், அம்மா யூதர் அல்ல. ரெண்டு பேரும் மாஸ்கோவில் அளவுக்கருவி செய்யும் ஆலையில் பொறியாளர்கள். நம்ம மெட்ராலஜி லேபில் இருக்கிற மைக்ரோமீட்டர் மாதிரி சமாச்சாரம். அவர் 1986ல் ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முடித்தார். அங்கே கம்யூனிஸ்ட் வாலிபர் அமைப்பில் துணைத்தலைவர்.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். 1987ல் வாலிபர் அமைப்பின் கீழ் "இளைஞர் விஞ்ஞான தொழில்நுட்ப மையம்" என்று ஆரம்பித்தார்கள். பேரைக் கேட்டால் நம்ம புராஜெக்ட் கண்காட்சி மாதிரி இருக்கும். உள்ளே நடந்தது வேறு. சோவியத் ஆலைகளில் ரெண்டு வகைப் பணம் உண்டு. ஒன்று கையில் எண்ணுகிற பணம். இன்னொன்று வங்கிப் பேரேட்டில் மட்டும் இருக்கிற கணக்குப் பணம். ஆலைக்குக் கணக்கில் பத்து லட்சம் ரூபிள் இருக்கும். ஆனால் ஒரு ஃபோர்மேனுக்குக் கூடுதலாக நூறு ரூபிள் கையில் கொடுக்க முடியாது, சட்டம் விடாது. இந்த மையங்களுக்கு மட்டும் ஒரு சலுகை. ஆலைக்கு "ஆராய்ச்சி வேலை" செய்ததாக ஒப்பந்தம் போட்டு, கணக்குப் பணத்தை வாங்கி, கைப்பணமாக மாற்றித் தரலாம். நடுவில் நல்ல கமிஷன். அந்தக் கமிஷனில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் இறக்கி விற்றால் பல மடங்கு லாபம். 1988ல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் வேகம் இன்னும் கூடியது. ஹொதர்கோவ்ஸ்கியின் மையத்திலிருந்து பிறந்ததுதான் மெனாடெப் வங்கி.

கவனியுங்கள். இங்கே திறமை இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, தில்லுமுல்லும் இருக்கிறது. ஆனால் கட்சி முத்திரை குத்தின அனுமதிக் காகிதம் இல்லாமல் ஒரு ரூபிள்கூட மாறியிருக்காது. பூட்டின கதவுக்கு வெளியே நின்று சின்ன வியாபாரம் பழகினவர்கள், திடீரென்று வியாபாரமே சட்டப்படி ஆனபோது முன்வரிசையில் இருந்தார்கள். அதற்குமேல் அதில் மர்மம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. 1992 ஜனவரி 2ல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் விலைகள் சுமார் 26 மடங்கு ஏறின. ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பு தேநீர்ச் செலவுக்குக்கூட உதவாமல் போனது. அதே வருஷம் அக்டோபரில் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் கொடுத்தார்கள், ஆலைகளில் பங்கு வாங்கிக்கொள்ள. இதன் தலைவர் அனதோலி சுபாய்ஸ். ஒரு வவுச்சர் பின்னால் ரெண்டு வோல்கா கார் பெறும் என்றார். ஜனங்களோ சில பாட்டில் வோட்காவுக்கு அதைக் கைமாற்றினார்கள். சம்பளமே வராத வீட்டில் பங்குப் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆலை டைரக்டர்களும் தரகர்களும் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அடகுக்கடை தெரியாதவர் யார்?

1995ல் எல்த்ஸின் அரசாங்கத்துக்குக் கையில் காசில்லை. அடுத்த வருஷம் தேர்தல். கம்யூனிஸ்ட் தலைவர் ஸியுகானோவ் முன்னேறிக்கொண்டிருந்தார். அப்போது பொதானின் ஒரு யோசனை சொன்னார்: வங்கிகள் அரசாங்கத்துக்குக் கடன் தரும், அரசாங்கம் பெரிய கம்பெனிகளின் பங்குகளை அடகு வைக்கட்டும். 1995 ஆகஸ்ட் 31ல் எல்த்ஸின் கையெழுத்துப் போட்டார். 1996 செப்டம்பருக்குள் மீட்காவிட்டால் அடகு மூழ்கிவிடும். மீட்க அரசாங்கம் பட்ஜெட்டில் பணமே ஒதுக்கவில்லை. அதாவது மூழ்குவதற்கென்றே வைத்த அடகு.

அதிக கடன் தருகிறவருக்கு அடகு என்று ஏலம் விட்டார்கள். அந்த ஏலத்தை நடத்தினது யார்? அதே வங்கிகள்! அடகுக்கடைக்காரரே ஏலக்காரர், அவருடைய மச்சானே ஏலம் கேட்பவர். நவம்பரில் நொரீல்ஸ்க் நிக்கல் சுரங்கத்தின் 38 சதவீதம் வந்தது. ஆரம்ப விலை 17 கோடி டாலர். வேறொரு வங்கியின் தரப்பிலிருந்து 35 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கேட்டார்கள். காகிதம் சரியில்லை என்று தள்ளிவிட்டு, 17 கோடியே ஒரு லட்சத்துக்குப் பொதானின் தரப்புக்கே முடித்தார்கள். டிசம்பரில் யூகோஸ் எண்ணெய்க் கம்பெனியின் 45 சதவீதம். ஆரம்ப விலை 15 கோடி டாலர், முடிந்தது 15 கோடியே 90 லட்சம், நடத்தினது மெனாடெப், எடுத்தது மெனாடெப் தரப்பு. டிசம்பர் 28ல் சிப்நெஃப்டின் 51 சதவீதம் 10 கோடியே 3 லட்சம் டாலருக்குப் பெரெஸோவ்ஸ்கி, அப்ரமோவிச் தரப்புக்குப் போனது. பத்து வருஷம் கழித்து 2005ல் அதே சிப்நெஃப்டின் முக்கால் பங்கை அரசாங்கக் கம்பெனியான காஸ்ப்ரோம் திரும்ப வாங்கினபோது கொடுத்த விலை சுமார் 1,300 கோடி டாலர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுர்குத் எண்ணெய்க் கம்பெனியின் ஏலத்தன்று அந்த ஊர் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், வெளியாள் வந்து ஏலம் கேட்கக் கூடாதென்று. எடுத்தது அந்தக் கம்பெனியின் ஓய்வூதிய நிதியே. அங்கே முதலாளி யூதரல்ல. வித்தை மட்டும் ஒன்றே.

இன்னொரு சங்கதி. அந்த வங்கிகள் கொடுத்த கடன் அவர்கள் சொந்தப் பணமா? அரசாங்கத்தின் வரிப்பணமும் நிதியும் இந்த "அனுமதி பெற்ற" வங்கிகளில்தான் கிடந்தது. நம்ம காசை நமக்கே கடன் கொடுத்து நம்ம நகையை எடுத்துக்கொண்ட மாதிரி. 1996 ஜூலையில் எல்த்ஸின் சுமார் 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார். பிரசாரத்துக்குப் பணமும் தொலைக்காட்சியும் அவர்கள் கொடுத்தது. தேர்தல் முடிந்ததும் பொதானின் துணைப் பிரதமர் ஆனார். ஒலிகார்க் என்றால் கிரேக்கத்தில் சிலராட்சிக்காரர். வெறும் பணக்காரரை அப்படிச் சொல்வதில்லை. ஆட்சியில் கை வைத்த பணக்காரரைத்தான் சொல்வார்கள்.

இப்போது தங்கையின் ரெண்டாவது கேள்வி. மற்ற யூதர்கள் என்ன ஆனார்கள்?

பெரும்பாலும் பெட்டியைக் கட்டினார்கள். 1989க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் பழைய சோவியத் நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேலே போனார்கள். அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் தனி. பொறியாளர், டாக்டர், வயலின் வாசிப்பவர். அங்கே போய்த் தெரு பெருக்கினவர்கள், வயதானவர்களைக் குளிப்பாட்டி வேலை பார்த்தவர்கள் ஏராளம். ரஷ்யாவில் தங்களை யூதர் என்று பதிந்தவர்கள் 2002ல் சுமார் 2,30,000, 2010ல் சுமார் 1,57,000, 2021ல் சுமார் 83,000. ஏலத்தில் பங்கு கிடைத்த சமூகம் இப்படியா கரையும்? மாஸ்கோவில் தங்கின யூதக் கிழவிக்கும் ரஷ்யக் கிழவிக்கும் ஒரே ஓய்வூதியம், ஒரே பணவீக்கம். 1998 மே மாதம் சம்பளம் வராத சுரங்கத் தொழிலாளர்கள் ரயில் பாதைகளில் உட்கார்ந்தார்கள். பிறகு மாஸ்கோவில் அரசாங்க மாளிகைக்கு முன்னால் தலைக்கவசத்தைத் தரையில் தட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருந்தவர்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 17ல் அரசாங்கம் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது, வங்கிகள் விழுந்தன. அக்டோபரில் மக்கஷோவ் என்ற ஜெனரல், கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர், எல்லாவற்றுக்கும் யூதர்தான் காரணம் என்று மேடையில் முழங்கினார். அவரைக் கண்டிக்க நாடாளுமன்றத்தில் ஓட்டு சேரவில்லை. 2005 ஜனவரியில் சுமார் 20 உறுப்பினர்கள் யூத அமைப்புகளைத் தடை செய்யச் சொல்லி அரசு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார்கள். பழைய சரக்கு இது. உலகத்தை ஆள யூதர்கள் ரகசியத் திட்டம் போட்டதாகச் சொல்லும் போலி ஆவணம் முதலில் அச்சானது 1903ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பத்திரிகையில். அது வேறொரு நூலைப் பார்த்துக் காப்பி அடித்த மோசடி என்று 1921லேயே லண்டன் டைம்ஸ் வெட்டவெளிச்சமாக்கியது. இருந்தாலும் நூறு வருஷம் கழித்து என் கைபேசிவரைக்கும் வந்துவிட்டது. நான் அதை மைக்கில் சொன்னேன், நீங்கள் கைதட்டினீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. 2000ல் புதின் வந்தார். தொலைக்காட்சி வைத்திருந்த கூசின்ஸ்கி ஜூனில் கைது, பிறகு நாட்டை விட்டு வெளியேற்றம். பெரெஸோவ்ஸ்கி இங்கிலாந்துக்கு ஓடினார், 2013ல் அங்கேயே இறந்தார். ஹொதர்கோவ்ஸ்கி 2003 அக்டோபர் 25ல் நொவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் கைதாகி, 2013 டிசம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். இவர்கள் யூதர் என்பதற்காக விழவில்லை. அரசியலில் கை வைத்ததற்காக விழுந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்ட யூதப் பணக்காரர்களும் ரஷ்யப் பணக்காரர்களும் பத்திரமாகவே இருந்தார்கள்.

சொத்து ஜனங்களுக்குத் திரும்பியதா என்றால், அதுதான் இல்லை. யூகோஸின் பெரிய எண்ணெய் உற்பத்திக் கம்பெனியை 2004 டிசம்பர் 19ல் ஏலம் விட்டார்கள். எடுத்தது "பைகால்ஃபினான்ஸ்குரூப்" என்று யாரும் கேள்விப்படாத கம்பெனி. ட்வேர் நகரத்தில் அதன் முகவரிக்குப் போன நிருபர்கள் பார்த்தது மளிகைக்கடை இருந்த ஒரு கட்டிடம்! மளிகைக்கடை முகவரிக்காரர் ஏலத்தில் கேட்டது 900 கோடி டாலருக்கும் மேலே. சில நாளில் அந்தக் கம்பெனியை அரசாங்க எண்ணெய்க் கம்பெனியான ரோஸ்நெஃப்ட் விழுங்கியது. அப்போது ரோஸ்நெஃப்டின் இயக்குநர் குழுத் தலைவராக இருந்தவர் புதினின் நெருங்கிய உதவியாளர் சேச்சின். அதன்பிறகு வளர்ந்த புதுப் பணக்காரர் வரிசையில் பழைய உளவுத்துறை சகாக்கள், ஜூடோ கூட்டாளிகள், 1996ல் ஏரிக்கரையில் அவரோடு சேர்ந்து கூட்டுறவு பங்களா கட்டின அண்டை வீட்டார் என்று இருக்கிறார்கள். 1995லும் 2004லும் ஏலம் ஒன்றுபோலவே நடந்தது. விலையை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் மட்டும் மாறினார்கள்.

சுபாய்ஸ் ஞாபகம் இருக்கிறதா, வவுச்சர் சுபாய்ஸ்? அவருடைய அம்மா யூதர். உக்ரைன் போர் ஆரம்பித்த 2022ல் பதவியை விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போனார். 2023 செப்டம்பரில் விளாதிவொஸ்தோக் கூட்டத்தில் புதின் அவரைப் பற்றிப் பேசும்போது, இப்போது அவர் "மொய்ஷா இஸ்ராயெலிவிச்" ஆகிவிட்டாராம் என்று யூதப் பெயர் வைத்துக் கேலி செய்தார். இருபது வருஷத்துக்கு மேல் அதே புதினின் ஆட்சியில் மின்துறையும் நானோ தொழில்நுட்பக் கம்பெனியும் சர்வதேச அமைப்புகளுக்கான சிறப்புப் பிரதிநிதி வேலையும் பார்த்தபோது அவர் வெறும் அனதோலி போரிஸவிச்தான். அடுத்த மாதம் 29ம் தேதி தாகெஸ்தானில் மக்கச்கலா விமான நிலையத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. டெல் அவீவிலிருந்து வந்த விமானத்தில் யூதர் யார் என்று பயணிகளின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அந்த விமானத்தில் நிக்கல் சுரங்க முதலாளி யாரும் இருந்ததாகச் செய்தியில்லை. வைத்தியத்துக்குப் போய்த் திரும்பின குழந்தைகள் இருந்தார்கள்.

அந்தத் தங்கை இப்போது ரெண்டாமாண்டு. கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒன்றே ஒன்று எழுதியிருந்தாள்: "அண்ணா, அந்த வீடியோ அனுப்பினவருக்கும் சொல்லியாச்சா?" அனுப்பினவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், இப்போது ஓசூரில் அப்ரெண்டிஸ். இன்னும் சொல்லவில்லை. மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரில் போகலாம் என்று இருக்கிறேன்.